ரோவினாவுக்குள்ளே இருக்கிறதுங்க

ஒருத்தி "இந்த வாரம் பூராவும் வாந்தி, படியேற முடியல"ன்னு அழுதா, அதைக் கேட்டுக் கைதட்டற கூட்டத்தை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். எங்க ஊர் சர்ச்சோட கீழ்த்தளத்தில, ஞாயித்துக்கிழமை மத்தியானம், காபியும் கோதுமை சேர்க்காத கேக்கும் மேஜை மேல இருக்கறப்போ. அதுவும் சாதாரணக் கைதட்டல் இல்ல. அவங்க யாருக்கும் சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது. அதனால விளக்கை அணைச்சுட்டு, ரெண்டு விரலால உள்ளங்கையில மெதுவாத் தட்டுவாங்க. தகரக் கூரை மேல தூறல் விழற மாதிரி கேக்கும். முதல் தடவை கேட்டப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரல.

என் பேர் வெர்னா. குளிர்காலத்தில வீட்டுப் பாதைகள்ல விழற பனியை லாரி முன்னாடி மாட்டின தகடால தள்ளி ஒதுக்கறது என் பிழைப்பு. அமெரிக்காவோட வடகிழக்கு மூலையில இருக்கிற எங்க மெயின் மாநிலத்தில இந்த வேலைக்குப் பஞ்சமே இல்ல. வாயும் கொஞ்சம் நீளம், அதை நானே சொல்லிடறேன். அந்தக் கூட்டத்துக்கு நான் நோயாளியா போகல. என் தங்கச்சி ரோவினாவை வண்டியில கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றவ, அவ்வளவுதான். அவளுக்குத் தலைசுத்தல், வண்டி ஓட்ட முடியாது.

ரோவினாவை உண்ணி கடிச்சது ஒரு ஜூன் மாசம். முழங்காலுக்குப் பின்னால. மான் நடமாடற காட்டுக்கு ஓரமா தோட்டம் போட்டவளை உண்ணி கடிக்காம வேற யாரைக் கடிக்கும்? வட்டம் போட்டாப்புல சிவப்புத் தடிப்பு வந்துச்சு, உண்ணிக் கடியால வர்ற லைம் நோய்னாங்க, மாத்திரை குடுத்தாங்க, தடிப்பு போயிடுச்சு. அசதி போகல. ரெண்டு டாக்டரைப் பார்த்தா. "நோய் எப்பவோ சரியாயிடுச்சும்மா, இது மனசு சம்பந்தப்பட்டது"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது டாக்டர் வீட்டு வாசல்ல விழற பனியை நான்தான் தள்ளறேன். அந்த வருஷக் குளிர்காலம் பூரா அவர் கார் கதவுக்கு நேரா குவிச்சு வெச்சேன். வேற என்ன செய்ய முடியும் என்னால?

அப்புறம்தான் இந்தக் கூட்டம். நடத்தறவங்க கான்ஸ்டன்ஸ் பீடி. பியானோ சொல்லிக்குடுத்தவங்க, ஒல்லியான உடம்பு, பூனைக்குட்டியைத் தடவற மாதிரி பேச்சு. அவங்களும் வருஷக்கணக்கா படுத்த படுக்கையா கெடந்து எழுந்தவங்கதான். அவங்களை ராட்சசின்னு சொல்லிட்டா எனக்கு வேலை சுலபமாயிடும். ஆனா ரோவினா முடியாம கெடந்தப்போ பனியில நடந்தே வந்து சூப் வெச்சுக் குடுத்த மனுஷி அவங்க. ரெண்டு டாக்டரும் நம்பாததை அவங்க நம்பினாங்க. என் தங்கச்சி அந்த ஒண்ணுக்கே மயங்கிட்டா.

அந்தக் கூட்டத்தில யாரும் கிருமின்னு சொல்ல மாட்டாங்க. "அதுங்க"ம்பாங்க. இந்த வாரம் அதுங்க முழங்காலுக்கு வந்திருக்கு. அதுங்களுக்குச் சர்க்கரை பிடிக்கும். நேத்து நான் புருஷன்கிட்ட எரிஞ்சு விழுந்தேன், அது நானில்ல, அதுங்க. மருந்தோ மூலிகையோ சாப்பிட்டு உடம்பு மோசமானா, அதுங்க சாகுதுன்னு அர்த்தம். செத்து விஷத்தைக் கக்குது, அதான் வாந்தி, அதான் நடுக்கம். அதுக்குத்தான் கைதட்டல். நல்லா இருந்தா நல்லது. மோசமா இருந்தா அதைவிட நல்லது.

"ஏங்க, அப்ப எது நடந்தா கெட்டதுன்னு அர்த்தம்?"னு ஒரு நாள் கேட்டேன். பக்கத்துல எவரெட் உட்கார்ந்திருந்தார். மரமறுக்கற இயந்திரம் பழுது பார்க்கறவர், கை நடுங்கி நடுங்கி இப்ப தொழிலையே விட்டுட்டார். அவர் என்னைப் பாவமாப் பார்த்தார்.

"வெர்னா, நீ கேக்கற கேள்வியெல்லாம் அதுங்க கேக்கற மாதிரியே இருக்கும்மா" என்றார். "நீயும் ஒரு தடவை ரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பார்த்துடேன்."

"எனக்குள்ள எதுவும் தங்காதுங்க எவரெட். என் வாய்க்குப் பயந்து ஓடிடும்."

யாரும் சிரிக்கல.

கூட்டத்தில எல்லாரும் எச்சில் பரிசோதனை பண்ணிக்குவாங்க. விடிஞ்சதும், மதியம், சாயங்காலம், படுக்கப் போறப்போன்னு சின்னக் குழாய்ல துப்பி அனுப்பணும். சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பி ரெண்டும் கார்ட்டிசால்னு ஒண்ணைச் சுரக்குதாம், அது காலையில ஏறி ராத்திரி இறங்கணுமாம். இவங்க எல்லாருக்கும் முடிவுத்தாள்ல அந்தக் கோடு ஏறவே ஏறாது, படுத்தே கெடக்கும். "அதுங்களோட சண்டை போட்டுச் சண்டை போட்டுச் சுரப்பி களைச்சுப் போச்சு"ன்னு கான்ஸ்டன்ஸ் சொல்லுவாங்க. அதுக்கு அதிமதுரச் சாறு, அமுக்கராக் கிழங்குப் பொடி, மாட்டோட சுரப்பியைக் காயவெச்சு அரைச்சு அடைச்ச கேப்சூல் மாத்திரை, அப்புறம் காலையில எழுந்ததும் உப்புத் தண்ணி. ரோவினாவோட சமையல் மேடையில காபிப் பொடி வைக்க இடமில்ல.

ஆனா ஒண்ணு சொல்லணும். அதிமதுரமும் உப்புத் தண்ணியும் அவளுக்குக் கேட்டுச்சு. கொஞ்சம் எழுந்து நடந்தா. நானே சந்தோஷப்பட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில அவ கறுக்க ஆரம்பிச்சா.

முதல்ல கடைக்காரன்தான் சொன்னான். "என்ன ரோவினா, யாருக்கும் சொல்லாம வெயில் காய ஃப்ளோரிடா போயிட்டு வந்துட்டியா?" நிஜமாவே வெயில்ல காஞ்ச மாதிரி ஒரு பழுப்பு. எங்க ஊர்ல ஜனவரியில மனுஷங்க தோல் சுண்ணாம்பு நிறத்துக்கு வெளுத்துக் கெடக்கும். இவ மட்டும் கடற்கரையில படுத்துட்டு வந்தவ மாதிரி நிக்கறா. விரல் மடிப்பெல்லாம் மை தடவினாப்புல. ஒரு நாள் சிரிச்சப்போ பார்த்தேன், ஈறு கூடக் கறுத்திருந்துச்சு.

"என்னடி, ப்ளூபெர்ரி தின்னியா?"

"பிப்ரவரில ஏது ப்ளூபெர்ரி?"

"அப்ப வாயில என்ன?"

அவ கண்ணாடியில பார்த்தா. நாக்கை நீட்டிப் பார்த்தா. அப்புறம் மெதுவாச் சிரிச்சா. "வெளிய வருது வெர்னா. விஷம் வெளிய வருது."

கூட்டத்தில அதுக்கும் தட்டினாங்க. "பாருங்க எப்படி ஜொலிக்கறா"ன்னாங்க கான்ஸ்டன்ஸ். ஜொலிப்பா அது? எலும்பு தெரிய இளைச்சுப் போயிட்டா. வெள்ளரிக்கா ஊற வெச்ச ஊறுகாய் ஜாடியைத் தூக்கி அந்த உப்புத் தண்ணியை மடக் மடக்னு குடிக்கறா. ஒரு மத்தியானம் அவ வீட்டுப் பாதைப் பனியைத் தள்ளப் போனேன். தோட்டத்து மூலையில மான் வந்து நக்கட்டும்னு யாரோ வெச்ச உப்புக் கட்டி ஒண்ணு இருக்கும். பனியில முழங்கால் போட்டு, ரெண்டு கையையும் ஊணி, அதை நக்கிக்கிட்டிருந்தா. பத்தடி தள்ளி ஒரு பெட்டை மான், தன் முறைக்குக் காத்துக்கிட்டு நிக்கற மாதிரி நின்னுச்சு. பயந்து ஓடல. என் லாரிச் சத்தத்துக்கு ரெண்டும் ஒரே நேரத்துல தலையைத் திருப்பிப் பார்த்துச்சுங்க.

"எந்திரிடி!"னு கத்தினேன். அழுகையும் கோபமும் ஒண்ணா வந்துச்சு. "மனுஷிதானே நீ? எந்திரி!"

எழுந்து வந்தா. வெட்கமே இல்ல. "அதுங்களுக்கு உப்பு ஆகாது வெர்னா. எனக்கு வேணும்னு தோணுதுன்னா அது நான்தான். அதுங்க இல்ல" என்றா.

ஆஸ்பத்திரிக்கு வாடின்னு கெஞ்சினேன். அவ வரல. அங்க போனா மறுபடியும் மனசுன்னு சொல்லுவாங்க, இல்லாட்டி ஸ்டீராய்டு குத்துவாங்க, அது அதுங்களுக்குச் சோறு போடற மாதிரின்னா. அந்தக் கூட்டத்தில ஸ்டீராய்டுங்கற பேரைச் சொன்னாலே சிலுவை போட்டுக்குவாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை காப்பு வாக்கு நடந்துச்சு. அது அவங்களோட வழக்கம். அதுங்க கூண்டோட சாகறதுக்கு "பெரிய சாவு"ன்னு பேரு. அது யாருக்கு நெருங்குதுன்னு கான்ஸ்டன்ஸுக்குத் தோணுதோ, அவங்க வட்டத்து நடுவுல வந்து நின்னு, தனக்கு ஒரு காவலாளைச் சொல்லணும். ரோவினா என்னைச் சொன்னா. நான் எழுந்து போய் அவ எதிர்ல நின்னேன். ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. ஐஸ் மாதிரி இருந்துச்சு.

"சாகப்போற நேரத்துல அதுங்களுக்குப் பயம் வந்துரும்"னா. மனப்பாடம் பண்ணின பேச்சு, ஆனா குரல் நடுங்குச்சு. "என் வாயை வெச்சுப் பேசும். என் குரல்ல கெஞ்சும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு சொல்லும். அது நானில்ல. நீ கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்னு சொல்லுங்க வெர்னா" என்று கான்ஸ்டன்ஸ் எடுத்துக் குடுத்தாங்க.

சுத்தி இருட்டுல எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அங்கேயே நாலு வார்த்தை கேட்டுட்டு அவளைத் தரதரன்னு இழுத்துட்டு வந்திருப்பேன். ஆனா என் தங்கச்சியோட கண்ணு. அந்தக் கூட்டம் மட்டும் இல்லேன்னா அவளுக்கு வேற யாருமில்லேன்னு அந்தக் கண்ணு சொல்லிச்சு. நான் முறைச்சுக்கிட்டா என்னையும் உள்ள விட மாட்டா. பக்கத்துல இருந்தாத்தானே பார்த்துக்க முடியும்?

"சரி, கேக்க மாட்டேன்"னேன். தூறல் விழுந்துச்சு, உள்ளங்கையில ரெண்டு ரெண்டு விரலா.

அதோட விட்டாங்களா? புதுசா எச்சில் பரிசோதனை பண்ணணும்னாங்க. அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் எல்லாத்தையும் நிறுத்தணுமாம். அதிமதுரம் கூடாது, மாட்டுச் சுரப்பி கூடாது, உப்புத் தண்ணி கூடாது. உன் உடம்பு தானா என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். ரோவினா எல்லாத்தையும் அட்டைப் பெட்டியில போட்டு என் கையில குடுத்து, "கேட்டாலும் தராதே"ன்னா.

ரெண்டு மூணு நாள்ல நடக்க முடியல. அப்புறம் சோறு தண்ணி எதுவும் வயித்துல நிக்கல. எழுந்து உட்கார்ந்தா கண்ணு சொருகுது. நான் கான்ஸ்டன்ஸுக்கு போன் போட்டேன். அன்னிக்குக் கூட்டத்து ஆளுங்க சிலர் அவங்க வீட்ல இருந்தாங்க போல. நான் சொல்லச் சொல்ல, போன்ல அந்தச் சத்தம் கேட்டுச்சு. தூறல். நான் என் தங்கச்சி உசிரு போற மாதிரி இருக்குன்னு சொல்றேன், அவங்க தட்டறாங்க. போனைத் தூக்கிச் சோபாவுல எறிஞ்சேன். போன் உடையல, என் மனசுதான் உடைஞ்சு போச்சு.

மறுநாள் காலையிலேர்ந்து பனி. ரோட்டுப் பனியைத் தள்ளிட்டு மத்தியானம்தான் அவ வீட்டுக்குப் போக முடிஞ்சுது. உள்ள நுழைஞ்சா வீட்டைச் சூடாக்கற விறகு அடுப்பு அணைஞ்சு கெடக்கு. வீடு பூரா ஜன்னல் வழியா பனி வெளிச்சம், பால் ஊத்தின மாதிரி. விறகு எடுத்துப் போட்டுக் கொளுத்திட்டு, படுக்கை அறை வாசல்ல நின்னேன். ரோவினா சுவர்ப் பக்கமா திரும்பி, தலையோட போர்வை மூடிப் படுத்திருந்தா. போர்வை அசையற மாதிரியே இல்ல.

"ரோவினா? டீ? அடுப்பு கூடப் போடாம என்னடி இது?"

நான் கிட்டப் போகல. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

அப்புறம் போர்வைக்குள்ளேர்ந்து குரல் வந்துச்சு.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வெர்னா."

தெளிவா. நிதானமா. என் தங்கச்சி பிறந்ததிலேர்ந்து நிதானமாப் பேசினதே கிடையாது. வாக்கியத்தை ஆரம்பிப்பா, நடுவுல வேற ஒண்ணுக்குத் தாவுவா, கைய ஆட்டுவா, அழுவா, சிரிப்பா. இது வங்கியில வேலை பார்க்கற ஆள் பேசற மாதிரி இருந்துச்சு.

சமையலறைக்கு ஓடி கான்ஸ்டன்ஸுக்குப் போட்டேன். திட்டத்தான் போட்டேன்னு நெனைச்சேன். ஆனா வாயில வந்தது வேற. "பேசுதுங்க"ன்னேன். "ஆஸ்பத்திரிங்குது."

"எப்படிப் பேசுது கண்ணு? அழுகையா, அமைதியா?"ன்னாங்க கான்ஸ்டன்ஸ்.

"அமைதியா."

"அப்ப அதுங்கதான்." அவங்க குரல்லயும் பயம் இருந்துச்சு, அது எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. "ரோவினா அமைதியாப் பேச மாட்டா. உங்களுக்கே தெரியுமே. வாக்குக் குடுத்திருக்கீங்க வெர்னா. இன்னும் கொஞ்ச நேரம்தான். இப்ப விட்டுட்டா அதுங்க ஜெயிச்சுடும்."

அவங்க சொன்னது சரி. அதுதான் கொடுமை. அது ரோவினாவோட பேச்சு இல்லேன்னு என் எலும்புக்குத் தெரிஞ்சுது. போனைக் கையில வெச்சுக்கிட்டே திரும்பி அறைக்குப் போனேன். நின்னேன். என் தங்கச்சிக்குக் குடுத்த வாக்கு ஒரு பக்கம், போர்வைக்குள்ள அந்தக் குரல் ஒரு பக்கம். நடுவுல நான் மக்கு மாதிரி நிக்கறேன்.

குரல் மறுபடியும் வந்துச்சு.

"சீக்கிரம். இவ தாங்க மாட்டா."

நான் போனைக் கீழ போட்டுட்டு ஓடிப்போய்ப் போர்வையை உருவினேன். ரோவினாவோட கண்ணு பாதி திறந்து மேல சொருகியிருந்துச்சு. வாய் நிறைய துணி. போர்வையோட ஓரத்தைச் சுருட்டி, தானே வாய்க்குள்ள திணிச்சு, பல்லால கடிச்சுப் பிடிச்சிருந்தா. பேச விடக் கூடாதுன்னு. விரலை விட்டு நெம்பித்தான் எடுத்தேன், எச்சிலும் ரத்தமுமா நனைஞ்சு கெடந்துச்சு. அந்த வாயால ஒரு எழுத்துக்கூடப் பேச முடியாது. பேசியிருக்க முடியாது.

சத்தியமாச் சொல்றேன், கத்திக்கிட்டே வெளிய ஓடியிருப்பேன். ஆனா ஒரு கோபம் வந்துச்சு பாருங்க. யாரு சொன்னா என்ன? பேயே சொன்னா என்ன? சொன்னது நிஜம். இவ தாங்க மாட்டா. அது என் கண்ணு முன்னாடி கெடக்கு.

தரையில கெடந்த போன்ல கான்ஸ்டன்ஸ் "வெர்னா, வெர்னா"ன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அதைத் தாண்டித்தான் அவளைத் தூக்கிட்டு வந்தேன். விறகுக் கட்டு அளவு கூடக் கனமில்ல.

ஆம்புலன்ஸ் அந்தப் பனியில எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். என் லாரி போகும். தகட்டை இறக்கி, எனக்கு நானே ரோடு போட்டுக்கிட்டே போனேன். பக்கத்து சீட்டுல ரோவினா கதவு மேல சாஞ்சு கெடந்தா. கண்ணாடி முன்னாடி வெள்ளை வெளேர்னு ஒண்ணும் தெரியல. எனக்கு அழுகை. மூக்கைத் துடைக்கவா, ஸ்டியரிங்கைப் பிடிக்கவா?

"அழாதே. ரோட்டைப் பாரு." பக்கத்து சீட்டுலேர்ந்து அதே நிதானமான குரல்.

நான் திரும்பிப் பார்க்கல. பார்க்க தைரியமில்ல. "சரி"ன்னு மட்டும் சொன்னேன். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஆத்துக்கரை ஆஸ்பத்திரியில டூட்டி டாக்டர் ஒரு சின்ன வயசுப் பொண்ணு. ரோவினாவோட உதட்டைத் தூக்கிப் பார்த்தா, விரல் மடிப்பைப் பார்த்தா, ரத்த அழுத்தத்தைப் பார்த்தா, உடனே ஒரு ஊசியும் உப்புத் தண்ணி பாட்டிலும் ஏத்தச் சொன்னா. வெளிச்சம் மங்கறதுக்குள்ள என் தங்கச்சி முகத்துல உசிரு வந்துருச்சு. அப்புறம்தான் எனக்கு விளக்கம். அந்தச் சுரப்பி களைச்சுப் போகலியாம். செத்தே போச்சாம். லைமால இல்ல, உடம்பு தன்னைத் தானே அழிச்சுக்கற வேற ஒரு நோய், எப்பவோ ஆரம்பிச்சது. தோல் கறுத்தது, உப்புக்குப் பறந்தது எல்லாம் அதோட அடையாளம். அதிமதுரமும் உப்பும்தான் தாக்குப் பிடிக்க வெச்சுது, அதை நிறுத்தினதும் கவுந்துருச்சு. அந்த வட்டத்தில எல்லாருக்கும் சுரப்பி கெட்டுப் போயிருந்ததா சொன்னதால, நிஜமாவே கெட்டுப் போனவளை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல.

"இனிமே தினமும் மாத்திரை. ஆயுசுக்கும்"னா டாக்டர். "ஒரு நாளும் விடக் கூடாது. விட்டா மறுபடி இதேதான். அடுத்த தடவை நேரம் கிடைக்காது."

"என்ன மாத்திரைம்மா?"

"ஒரு வகை ஸ்டீராய்டு. அந்தச் சுரப்பி தர வேண்டியதை நாம தர்றோம், அவ்வளவுதான்."

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, சண்டை இன்னும் முடியலன்னு.

ஆஸ்பத்திரியில இருந்தவரைக்கும் நர்ஸ் நின்னு முழுங்க வெச்சாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மறுநாள் காலையில, தட்டுல மாத்திரையும் டம்ளர்ல தண்ணியுமா போனேன். ரோவினா தலையணையில சாஞ்சு உட்கார்ந்திருந்தா. கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருந்துச்சு. தட்டைப் பார்த்தா, முகத்தைத் திருப்பிக்கிட்டா.

"போட மாட்டேன்."

"போடாட்டி செத்துருவே."

"நான் சாகல வெர்னா. அதுங்கதான் செத்துக்கிட்டிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நீதான் கெடுத்துட்டே. வாக்குக் குடுத்துட்டு கெடுத்துட்டே." கண்ணுல தண்ணி. "நான் வாயே திறக்கலடி. துணியை வெச்சு அடைச்சுக்கிட்டேன். நான் ஆஸ்பத்திரின்னு கேக்கவே இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ கேக்கல. அதுங்கதான் கேட்டுச்சு."

அவ என்னையே பார்த்தா. டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு, ரத்தத்துல சர்க்கரை இறங்கிப் போனா நோயாளி என்னென்னவோ பேசுவாங்க, ஞாபகம் இருக்காதுன்னு. அது நோயாளிக்கு. எனக்கு எந்தச் சர்க்கரை இறங்குச்சு?

"கேட்டியா அதுங்க பேச்சை?" அவ குரல் கிசுகிசுப்பா வந்துச்சு. "என்னைவிட அதுங்க பேச்சு பெருசாப் போச்சா உனக்கு?"

"ஆமாண்டி. நீ சாகணும்னே, கான்ஸ்டன்ஸ் சாகட்டும்னாங்க, அங்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கைதட்டினாங்க. நீ பிழைக்கணும்னு சொன்னது அது ஒண்ணுதான். நான் யார் பேச்சைக் கேக்கட்டும்?"

அவ வாயை இறுக்கி மூடிக்கிட்டா. பல்லைக் கடிச்ச கடியில தாடை புடைச்சுது. கையைப் போர்வைக்கு அடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. அவ பிடிவாதம் எனக்குத் தெரியும். ஊட்ட முடியாது, அடிச்சுத் திணிக்க முடியாது. நாளைக்கும் இதே, நாளன்னிக்கும் இதே. ஒரு வாரம் தாங்குவாளா? வெறும் ஆத்திரத்துல, அவ முகத்தைப் பார்க்காம, அவ நெஞ்சைப் பார்த்துப் பேசினேன்.

"உள்ள இருக்கிறவங்களைத்தான் கேக்கறேன். அன்னிக்கு நீங்கதான் இவளைக் காப்பாத்தினீங்க. இப்ப இவ மாத்திரை போட மாட்டேங்கறா. இவ போனா உங்களுக்கும் வீடு கிடையாது. என்ன செய்யணுமோ செய்ங்க."



போர்வை அசைஞ்சுது. ரோவினாவோட வலது கை மெதுவா வெளிய வந்துச்சு. தட்டுல தடவி மாத்திரையை எடுத்துச்சு. நிதானமா, சிந்தாம, டம்ளரையும் எடுத்துச்சு. வாய் திறந்துச்சு, முழுங்குச்சு. அவ கண்ணு மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கிட்டிருந்துச்சு, பாம்பைப் பார்க்கற மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்துச்சு. அந்தப் பயத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

பிழைக்க ஆசைப்பட்டு அவளே நடிச்சான்னு நெனைக்கறவங்க நெனைச்சுக்கட்டும். நானும் நெனைச்சுப் பார்த்தேன். அவ முகத்தைப் பார்த்தவ நான்.

ரோவினா இப்ப நடக்கறா, சமைக்கறா, தோட்டத்துல விதை போட்டிருக்கா. நிறம் வெளுத்துக்கிட்டு வருது. தினமும் காலையில நான் தட்டோட போறப்போ அவ கண்ணை இறுக்கி மூடிக்குவா. நான் படுக்கை ஓரமா உட்கார்ந்து, என் தங்கச்சிக்கு முன்னாடி அதுங்களுக்கு வணக்கம் சொல்றேன். கை வெளிய வருது.